காதில் விழுந்ததற்கு மட்டும் மதிப்பெண்

ஜனவரி 11

மேஸ்திரி,

உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால் இன்னும் கொஞ்சம் படி. நான்தான், கொசு.

மூன்று வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது என்ன கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடும், நம் இரண்டு பேர் வாயும் அப்படி. மின்னஞ்சல் அனுப்பினால் படித்த சூட்டோடு நாலு வார்த்தை தட்டி அனுப்பிவிடுவாய். காகிதம் என்றால் பேனா தேட வேண்டும், உறை வாங்க வேண்டும், தபால் பெட்டி வரை நடக்க வேண்டும். அதற்குள் உன் கோபம் கொஞ்சம் ஆறும். விலாசத்தைப் பழைய ஆபீஸ் கணக்குப் பிரிவு அக்காவிடம் வாங்கினேன். பாவம், அவரும் இப்போது வீட்டில்தான் இருக்கிறார்.

விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்த நம் பிரிவை மொத்தமாக மூடிவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோரையும் திரைக்கு முன்னால் கூப்பிட்டார்கள். இதற்கு முன் பார்த்தே இராத ஒருவர் அதில் வந்து, "உங்க எல்லாருடைய உழைப்புக்கும் ரொம்ப நன்றி" என்றார். நான் காபி எடுத்துவரக் கீழே போய்த் திரும்பினால் என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. மேஜையில் விட்டுவந்த குடையைக் காவல்காரர்தான் எடுத்துவந்து கொடுத்தார். பதினான்கு வருஷம் வேலை பார்த்த இடத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று குடை வாங்கிக்கொண்டு வந்தேன், மேஸ்திரி. இதைச் சொல்ல எனக்கு உன்னைவிட்டால் யாரும் தோன்றவில்லை. அந்தக் கோபத்திலேயே ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன்.

இப்போது இன்டர்வியூவுக்குப் படிக்கிறேன். சீனியர் இன்ஜினியர் வேலை. காலையில் புதிர்க் கணக்கு, மத்தியானம் சிஸ்டம் டிசைன். நாற்பது மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் எப்படி ஓட வேண்டும் என்று வரைந்து வரைந்து கை ஓய்ந்துவிட்டது. நான் இருப்பதோ இரண்டாவது மாடி, இங்கே லிஃப்டே கிடையாது. சாயங்காலம் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" பயிற்சி. மேல்வீட்டு அம்மா நேற்று படியில் பிடித்துக்கொண்டு, "யார்கூடம்மா தினமும் சண்டை? ஆளே வரக் காணோமே?" என்று கேட்டார். என்ன சொல்ல, சிரித்துவிட்டு வந்தேன்.

இரண்டு இடத்தில் கூப்பிட்டுப் பேசி, வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏன் என்று ஒருத்தனும் சொல்வதில்லை. "வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், வாழ்த்துகள்" என்று ஒரு வரி. எனக்கு எதற்கடா வாழ்த்து? மூன்றாவது இன்டர்வியூ பிப்ரவரி கடைசியில். அதுவும் போனால் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "இந்த வயசுல ஏன் அலையற, எங்களோட வந்து இரு" என்று அவன் ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறான். அண்ணி தையல் மெஷினை நகர்த்தி அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டார். நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறைக்குள் போனேன் என்றால் நான் அத்தையாகிவிடுவேன், பிள்ளைகளின் அத்தை மட்டும். இன்ஜினியர் என்று ஒருத்தி இருந்தாள் என்பது எனக்கே மறந்துபோகும்.

கேட்க வந்தது இதுதான். நம் ஆபீஸிலேயே எனக்குப் பெரிய பதவிக்கு இன்டர்வியூ நடந்ததே, எதிரே உட்கார்ந்த மூன்று பேரில் நீ ஒருத்தி. முடிவு இல்லை என்று வந்தது. மாடிப்படியில் உன்னை நிறுத்தி, "நீ என்னடி மார்க் போட்ட?" என்று கேட்டேன். "சொல்லக் கூடாது" என்றாய். அதோடு நம் பேச்சு நின்றது, ஆறு மாதத்தில் நீயும் ஊர் மாறிவிட்டாய்.

நீ என்ன போட்டாய் என்று இப்போது கேட்கவில்லை. அன்று நான் என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் சொல். எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்தவர்களில் என் வேலையும் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

கொசு


ஜனவரி 19

கொசு,

கடிதம் கிடைத்தது.

அன்றைய மார்க்கைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். உள்ளே நடந்ததை வெளியே பேசக் கூடாது என்று ஒத்துக்கொண்டுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆபீஸே போய்விட்டது, விதி மட்டும் எதற்கு என்று கேட்பாய். கேட்காதே.

குடை விஷயம் படித்து எனக்கு ரத்தம் கொதித்தது.

புதிர்க் கணக்கைக் குறைத்துக்கொள். அதில் நீ தோற்க மாட்டாய், தோற்றவர்களுக்குத்தான் அது வேண்டும். உன் தகராறு வேறு இடத்தில். மூன்று கேள்வி எழுதுகிறேன். அங்கே பேசப்போவது போலவே எழுதி அனுப்பு. அழகுபடுத்தாதே, அடித்துத் திருத்தாதே.

நீங்கள் கண்டுபிடித்ததிலேயே கடினமான பிழை எது? சக ஊழியரோடு மோதல் வந்தபோது என்ன செய்தீர்கள்? உங்களை ஏன் எடுக்க வேண்டும்?

நான் நன்றாக இருக்கிறேன். வீட்டுக்காரர் கப்பலில். மகள் ஹாஸ்டலில்.

மேஸ்திரி


ஜனவரி 28

மேஸ்திரி,

மூன்று வருஷம் கழித்து வந்த கடிதத்தில் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று ஒரு வரி! வரிக்கு வரி காசு கேட்கிறார்களா உங்கள் ஊர் தபாலில்? இருந்தாலும் உறையைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

உன் உத்தரவுப்படி போனில் பேசிப் பதிவு செய்து, கேட்டு, அப்படியே எழுதுகிறேன். என் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று ஏன்டி ஒருநாளும் சொல்லவில்லை? கொசு என்று பேர் வைத்ததே அதற்குத்தானா?

முதல் கேள்விக்குப் பதில்:

"நாங்க ரத்தப் பரிசோதனை முடிவுகளை லேப்லருந்து வார்டுக்கு அனுப்பற சிஸ்டம் பண்ணிட்டிருந்தோம். ஒரு வார்டுல டாக்டர் புகார் பண்ணாங்க, காலைல பார்த்த முடிவு மத்தியானம் மாறி இருக்குன்னு. நாங்க தேடினோம். லேப்ல எல்லாம் சரியா இருந்துச்சு. கடைசியில நாங்க கண்டுபிடிச்சது, நெட்வொர்க் விட்டு விட்டு வந்தா, போகாம நின்ன பழைய முடிவு லேட்டா போய், புது முடிவு மேல உட்கார்ந்துடுது. டாக்டர் நேத்து முடிவைப் பார்த்து இன்னைக்கு மருந்து குடுப்பார். பழசு புதுசை அழிக்காம இருக்க நாங்க ஒரு சோதனை வச்சோம். இதுல என்கூட இருந்த சீனியர்தான் வழி காட்டினாங்க. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது."

இரண்டாவது:

"சக ஊழியரோட மோதல்னு எனக்குப் பெரிசா எதுவும் வந்ததில்லை. எல்லாரோடயும் நல்லா பழகுவேன்."

சிரிக்காதே. வேறென்ன சொல்வது? மூன்று வருஷமாக முகத்தில் முழிக்கவில்லை, நல்ல முடிவு இன்னும் வரவில்லை என்றா? அவர்கள் கேட்பது 'எப்படித் தீர்த்தீர்கள்' என்று. தீராத சண்டையை எடுத்துக்கொண்டு போக முடியாது.

மூன்றாவதற்குப் பதில் வரவில்லை. பதிவு பண்ணப் பண்ண அழித்துவிட்டேன். என்னை ஏன் எடுக்க வேண்டும், நீயே சொல்லேன்.

பகல் முழுக்க இங்கே ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீடு, கீழ்வீடு எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். போனமுறை இன்டர்வியூவில் ஒரு பையன் முக்கால் மணி நேரம் நான் பேசியதைக் கேட்டான். வேண்டாம் என்று சொல்வான் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முடியும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. அவ்வளவு நேரம் ஒரு ஆள் என் முகத்தைப் பார்த்து நாளாகிவிட்டது, மேஸ்திரி.

கொசு


பிப்ரவரி 5

கொசு,

முதல் பதில், பூஜ்யம். இரண்டாவது, பொய். மூன்றாவது எழுதவே இல்லை. மொத்தத்தில் ஃபெயில்.

'நாங்க' என்று எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறாய் என்று பேனாவால் சுழித்துப் பார்த்தேன். பக்கமே சிவப்பாகிவிட்டது. யாருடி அந்த நாங்கள்? எதிரே உட்கார்ந்திருப்பவன் உன்னை வேலைக்கு எடுக்க வந்திருக்கிறானா, ஊர்வலத்தை எடுக்க வந்திருக்கிறானா?

'சீனியர்தான் வழி காட்டினாங்க' என்று எழுதியிருக்கிறாய். எந்த சீனியர்? அந்த வாரம் நான் ஊரிலேயே இல்லை. மகளுக்கு டைஃபாய்டு. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பிழையைப் பிடித்து, சரி செய்து, எல்லா வார்டுக்கும் போட்டு முடித்திருந்தாய். நான் ஒரு எழுத்துகூடத் தொடவில்லை. பிறகு ஏன் என்னை அதில் சேர்க்கிறாய்?

இதையேதான் அன்றும் சொன்னாய்.

இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. மிச்சத்தைச் சொல்லாமல் உன்னைத் திருத்த வழியில்லை. விதியாவது மண்ணாவது, சொல்கிறேன்.

மார்க் போடும் தாளின் தலையில் ஒரு வரி அச்சடித்திருக்கும். 'காதில் விழுந்ததற்கு மட்டும் மதிப்பெண். முன்பே தெரிந்ததற்கு இல்லை.' தெரிந்தவர்களுக்கு மார்க்கை அள்ளிப் போடக் கூடாது என்பதற்காக. நல்ல விதிதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அன்று நீ அந்த ரத்தப் பரிசோதனைக் கதையைச் சொல்லிவிட்டு, என்னைக் கை காட்டி, "இவங்க இல்லன்னா நான் இல்ல" என்றாய். மற்ற இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். தலைவர் கையைக் காட்டினார், உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

அந்த அறையில் என் காதில் விழுந்தது என்ன? பெரிய வேலையெல்லாம் இன்னொருத்தி செய்தாள், இவள் கூட இருந்தாள். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பதவியை யார் தருவார்கள்?

'வேண்டாம்' என்று போட்டேன். மூன்று பேருமே அதைத்தான் போட்டோம்.

மேஸ்திரி


பிப்ரவரி 10

ஓ. அப்போது நீயும்தான்.

மற்ற இரண்டு பேர்தான் கெடுத்திருப்பார்கள், இவள் எனக்காக வாதாடித் தோற்றிருப்பாள், விதியைக் காப்பாற்றத்தான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று உள்ளுக்குள் தெரியும். தெரிந்தேதான் பேசாமல் இருந்தேன். ஆனாலும் உன் கையெழுத்தில் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

என் பக்கத்து நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள் நீ. நான் எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை என்று உனக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். அதையெல்லாம் மூட்டை கட்டி வெளியே வைத்துவிட்டு, அரை மணி நேரம் நான் உளறியதற்கு மார்க் போட்டாயாக்கும். நன்றாக இரு. உன் விதியும் நன்றாக இருக்கட்டும்.

ஏன் சேர்க்கிறாய் என்று கேட்டாயே, கேட்டுக்கொள். சிக்கிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? உன் பக்கம் திரும்பி முதலிலிருந்து கதை சொல்வேன். லேபிலிருந்து கிளம்புது, இங்க வருது, இங்க நிக்குது என்று. நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவாய். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய், ஆனால் பாதிக் கதையிலேயே எனக்குப் பிடிபட்டுவிடும். நம் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான், யாருக்காவது விளக்கும்போதுதான் சொந்தத் தப்பு கண்ணில் படும். அந்த வாரம் நீ இல்லை. உன் சாம்பல் நிற ஸ்வெட்டர் மட்டும் நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதனிடம்தான் சொன்னேன், பைத்தியக்காரி மாதிரி. எதிர்வரிசையில் இருந்தவன் எழுந்து போய்விட்டான். நெட்வொர்க் போய்ப் போய் வருது என்று அந்த ஸ்வெட்டரிடம் சொல்லும்போதே பிடித்துவிட்டேன்.

அதனால் அது நாம் இரண்டு பேரும் செய்தது என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போதும். நான் பணிவு காட்டவில்லை, உண்மையைச் சொன்னேன். அதற்குத்தான் நீ வேண்டாம் என்று போட்டாய்.

இனி கேள்வி அனுப்ப வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.


பிப்ரவரி 14

கொசு,

கையெழுத்துகூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். பரவாயில்லை. கேள்வி அனுப்பவில்லை, கடிதம்தான் அனுப்புகிறேன். படிக்காவிட்டாலும் தூக்கிப் போடாதே.

நீ அந்த ஸ்வெட்டரிடம் பேசினாய் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எதிர்பார்க்காதே. அன்றைக்கு அதுதான் சரி. உனக்குச் சலுகை காட்டியிருந்தால் மறுநாள் அந்தப் பதவியில் உட்கார்ந்து இதே மாதிரி எல்லாவற்றையும் எல்லோருக்கும் தூக்கிக் கொடுத்திருப்பாய், மேலே இருப்பவர்கள் உன்னைப் பிய்த்துத் தின்றிருப்பார்கள். ஆனால் மாடிப்படியில் நீ மேலே போனாய், நான் கீழே போனேன். பின்னாலேயே வந்து கையைப் பிடித்திருக்கலாம். மார்க்கைச் சொல்லாமலேயே பிடித்திருக்கலாம், அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. எனக்கு வரவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினேன். எப்படி என்று சொல்கிறேன். படுக்கையறையிலேயே மேஜை போட்டு வேலை செய்கிறேன். கம்பெனி எங்கோ இருக்கிறது. காலைக் கூட்டத்தில் எல்லோரும் காமிராவை அணைத்துவிடுவார்கள். திரை முழுக்க வட்டம் வட்டமாக இருக்கும், வட்டத்துக்குள் ஒரு எழுத்து. நான் பேசி முடித்துவிட்டு, "கேக்குதா?" என்று கேட்பேன். கொஞ்ச நேரம் கழித்து யாராவது கட்டைவிரல் படம் போடுவார்கள். அதுதான் இங்கே உம் கொட்டுவது. கப்பல்காரர் கரைக்கு வந்தால்தான் இரண்டு தட்டு வைப்பேன். மற்ற நாளெல்லாம் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பாடு முடிந்துவிடும். மகள் போன் செய்தால், "சீக்கிரம் சொல்லும்மா, ஃபிரண்ட்ஸ் வெயிட் பண்றாங்க" என்கிறாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதும் இல்லை.

உன்னோடு சண்டை போட்டதிலிருந்து எனக்கு இந்தத் தொழிலே பிடிக்கவில்லை, கொசு. வேலை வருகிறது, செய்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஸ்வெட்டர் கதையை அப்படியே சொல். காலி நாற்காலியிடம் பேசிப் பிடித்தேன் என்று சொல். அதில் என்னை வழிகாட்டி ஆக்காதே. நான் இல்லாமல்தான் நடந்தது, நீதான் செய்தாய். இதைச் சொல்ல எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது.

மேஸ்திரி


பிப்ரவரி 25

மேஸ்திரி,

கோபம் போகவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

நேற்று இன்டர்வியூ. திரையில் இல்லை, நேரிலேயே வரச் சொன்னார்கள். மூன்று பேர். ஒரு வழுக்கைத் தலை, பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்த ஒரு பையன், நம்மைவிடப் பெரிய வயதில் நரைத்த ஒரு அம்மா. அவர்தான் தலைமை. கோட் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். டிசைன் கேட்டார்கள், லிஃப்ட் இல்லை, பார்க்கிங். நாற்பது மாடியும் வீண். பையன் குறுக்கே குறுக்கே கேட்டான், நானும் சளைக்கவில்லை. "அப்படி செஞ்சா ரெண்டு வண்டிக்கு ஒரே இடத்தைக் குடுத்துடுவீங்க, தம்பி" என்றேன். வழுக்கைத் தலை சிரித்துவிட்டார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது, கடினமான பிழை. நீ சொன்ன மாதிரியே சொன்னேன். நான் பார்த்தேன், நான் தேடினேன், நான் கண்டுபிடித்தேன். முதல் நாலு 'நான்' தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. அப்புறம் பழகிவிட்டது. அது பழகியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்வெட்டர் கதையும் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அந்த அம்மா கேட்டார்.

"யாரோட நாற்காலி அது?"

"என் பக்கத்துல வேலை செஞ்சவங்களோடது. அந்த வாரம் அவங்க லீவு."

"இப்போ?"

"இப்போ கொஞ்சம் பெரிய லீவு."

மோதல் கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு சிநேகிதி எனக்கு வேண்டாம் என்று மார்க் போட்டாள், அது இன்னும் தீரவில்லை என்றேன். "யார் பக்கம் நியாயம்?" என்று பையன் கேட்டான். "அவ பக்கம்தான், அதனாலதான் இவ்வளவு கோபம்" என்று வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை நான், நான், நான். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் அங்கேயும் நான் மட்டும்தான். விளக்கைக்கூடப் போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் முடிவு சொல்லவில்லை. கூட வேலை செய்த ஒருவரிடம் போனில் விசாரிப்பார்களாம், அதற்குப் பிறகுதான் முடிவு. பழைய மேனேஜர் நாடு மாறிப் போய்விட்டார். மற்றவர்கள் போனை எடுப்பதில்லை. கணக்குப் பிரிவு அக்காவுக்கு நான் என்ன வேலை செய்தேன் என்றே தெரியாது. வேறு யாரும் கிடைக்கவில்லை, அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். இதில் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. உன் இப்போதைய நம்பரை அனுப்பு. இஷ்டம் இல்லை என்றால் அதையாவது உடனே எழுது, அண்ணனுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கொசு


மார்ச் 1

கொசு,

நம்பர் தனிச் சீட்டில் இருக்கிறது. பகலில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொல். கூட்டத்தில் இருந்தாலும் எடுப்பேன்.

நீ கூப்பிட வேண்டாம். உன் குரலைக் கேட்க நான் இன்னும் தயாராகவில்லை.

மேஸ்திரி


மார்ச் 8

கொசு,

இன்று காலை போன் வந்தது. ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண், சின்ன வயசுக் குரல். காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் பாட்டுக்கு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"இவங்க வேலை எப்படி மேடம்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லலாமா, இல்ல காதுல விழுந்தது மட்டுமா?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "தெரிஞ்சதைச் சொல்லுங்க மேடம், அதுக்குத்தானே கூப்பிட்டோம்" என்றாள்.

சொன்னேன். அன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டதை எல்லாம் சொன்னேன். ரத்தப் பரிசோதனைப் பிழையை நீ தனியாகப் பிடித்ததைச் சொன்னேன். புதிதாக வந்தவர்கள் எழுதியதைத் திருத்தும்போது அவர்கள் முகம் வாடாமல் திருத்துவாய் என்று சொன்னேன். வார்டு நர்ஸுக்குத் திரையில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று ஒரு மாதம் மேலிடத்தோடு மல்லுக்கட்டினாயே, அதைச் சொன்னேன். எல்லோரும் சரி என்று தலையாட்டிய இடத்தில் நீ ஒருத்தி சரியில்லை என்று கொசு மாதிரி காதிலேயே ரீங்காரம் போட்டதைச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன் போல. "மேடம், எனக்கு எழுத முடியல, கொஞ்சம் மெதுவா" என்றாள். அப்புறம், "போதும் மேடம், நிறைய இருக்கு" என்றாள். அதற்குப் பிறகும் இரண்டு சொன்னேன்.

கடைசியில் கேட்டாள்.

"மறுபடி வாய்ப்பு வந்தா, இவங்களோட வேலை செய்வீங்களா?"

எல்லோரிடமும் கேட்கும் கேள்விதானாம். எனக்கு அது தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதை அவளைக் கேளுங்கம்மா" என்றேன். "என்கூட செய்வாளான்னு அவளைக் கேளுங்க. பேசாம இருக்கறது அவதான்."

அந்தப் பெண் சிரித்தாள். "அவங்களை அன்னைக்கே கேட்டாச்சு மேடம். மறுபடி யாரோட வேலை செய்ய ஆசைப்படுவீங்க, அவங்க நம்பரைக் குடுங்கன்னு கேட்டோம். உங்களைத்தான் சொன்னாங்க. 'என்கிட்ட நம்பர் இல்ல, எழுதித்தான் வாங்கணும், கொஞ்ச நாள் ஆகும்'னாங்க. எங்களுக்கு அவசரம், வேற யாரையாவது குடுங்கன்னு கேட்டோம். பழைய மேனேஜர் நம்பர் கையில இருந்துச்சு அவங்ககிட்ட. குடுக்க மாட்டேன்னுட்டாங்க. 'அவங்களைக் கேக்காம என்னை எடுக்காதீங்க'ன்னு சொன்னாங்க மேடம்."

வேறு யாரும் கிடைக்கவில்லை என்று எழுதினாயேடி, பாவி.

நான் அழுதேன். பால்கனியில், எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டே பார்க்க, நன்றாக அழுதேன். "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்கிறேன் என்றேன். "செய்வேன். எழுதிக்கோங்க. இன்னைக்குக் கூப்பிட்டா இன்னைக்கே செய்வேன்" என்றேன்.

எழுதிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க போனுக்காகத்தான் நிறுத்தி வச்சிருந்தோம். எல்லாம் முடிஞ்சுது மேடம். ஆனா அவங்களுக்கு நாங்களேதான் முறைப்படி சொல்லணும், இன்னும் ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க தயவுசெஞ்சு வெளியே சொல்லிடாதீங்க" என்றாள். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

போனை வைத்ததும் உன் நம்பரை எடுத்தேன். கூப்பிடாமலே வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் காகிதம், முதல் தபாலிலேயே போட்டுவிடுகிறேன்.

கொசு, வேலை உனக்குத்தான்.

மேஸ்திரி